சேகரத்தின் பழைய புகைப்படங்களுக்குப் பெயர் சேர்ப்பது எப்படி

திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் உள்ள பழைய ஆங்கிலிக்கன் சேகரங்களில் (ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைத் தொகுதிகளில்), குருவானவர் அங்கி அணியும் வெஸ்ட்ரி அறையின் சுவரிலோ, சேகர அலுவலகத்தின் இரும்பு பீரோவிலோ, ஊழியக் குடும்பங்களின் பரணில் கிடக்கும் தகரப் பெட்டியிலோ, நூறாண்டைக் கடந்த புகைப்படங்கள் இன்னும் இருக்கின்றன. பெரும்பாலான குழுப்படங்களின் அமைப்பு ஒன்றுதான். நடுவில் நாற்காலியில் மிஷனரியும் அவர் மனைவியும், இருபுறமும் தலைப்பாகை கட்டிய தமிழ்க் குருமார், பின்வரிசைகளில் உபதேசியார்களும் (குருப்பட்டம் இல்லாத சபை ஊழியர்கள்) ஆசிரியர்களும், தரையில் சம்மணமிட்ட போர்டிங் பள்ளிப் பிள்ளைகள். நாற்காலியில் இருக்கும் வெள்ளைக்காரரின் பெயரை எப்படியும் கண்டுபிடித்துவிடலாம். அவரைப் பற்றி அச்சில் நிறைய இருக்கிறது. மற்ற நாற்பது பேரும் 'சுதேச ஊழியர்கள்' என்ற ஒற்றைத் தலைப்புக்குள் அடங்கிப் போயிருப்பார்கள். அந்த நாற்பது பேரில் எத்தனை பேருக்குப் பெயர் திரும்பக் கிடைக்கும் என்பதுதான் இந்த வேலையின் அளவுகோல்.

ஆகவே வரிசையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்கேனர் வாங்குவது முதல் வேலை அல்ல; முகங்களை அடையாளம் காட்டக்கூடிய மூத்தவர்களிடம் போவதே முதல் வேலை. ஸ்கேனர் அடுத்த வருடமும் கடையில் இருக்கும், எண்பத்தைந்து வயது ஆச்சி இருப்பார் என்று சொல்ல முடியாது. அவரிடம் காட்டுவதற்கு, கைப்பேசியில் தெளிவாக எடுத்த ஒரு நகலே போதும்.

எந்தச் சங்கத்தின் ஊர்?

படத்தைக் கையில் எடுப்பதற்கு முன், அந்த ஊர் எந்த மிஷனரி சங்கத்தின் பொறுப்பில் இருந்தது என்பதைத் தெரிந்துகொள்வது பாதி வேலையை முடித்துவிடும். திருநெல்வேலிச் சீமையில் ஆங்கிலிக்கன் சபையின் இரண்டு சங்கங்கள், எஸ்.பி.ஜி. (சுவிசேஷப் பரப்புதல் சங்கம்), சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சங்கம்) ஆகியவை, அருகருகே வேலை செய்தன. முதலூர் (1799இல் உருவானது), நாசரேத், இடையன்குடி, சாயர்புரம் போன்றவை எஸ்.பி.ஜி. ஊர்கள். பாளையங்கோட்டை, மெஞ்ஞானபுரம், பண்ணைவிளை, சுரண்டை, தோனாவூர் போன்றவை சி.எம்.எஸ். ஊர்கள். ஊரிலுள்ள பெரியவர்கள் இன்றைக்கும் இந்த வேற்றுமையைச் சொல்வார்கள். உங்கள் சேகரத்துக்கு அது தெரியவில்லையென்றால் கோயிலின் அடிக்கல்லும் பழைய பதிவேட்டின் முதற்பக்கமும் சொல்லிவிடும்.

இதனால் இரண்டு பயன்கள் உண்டு. முதலாவது, பிரிட்டனில் எந்த ஆவணக்காப்பகத்தைக் கேட்க வேண்டும் என்பது இதைப் பொறுத்தது. எஸ்.பி.ஜி. ஆவணங்கள் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்திலும், சி.எம்.எஸ். ஆவணங்கள் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் கேட்பரி ஆய்வு நூலகத்திலும் உள்ளன. இரண்டாவது, படத்தில் தெரியும் உடையைப் படிக்க இது உதவும். சி.எம்.எஸ். எளிய வழிபாட்டை விரும்பிய சங்கம். அதன் குருமார் வெள்ளை மேலங்கியின்மேல் அகலமான கறுப்புப் பட்டை போட்டுக்கொண்டார்கள். எஸ்.பி.ஜி. ஊர்களில் வண்ண ஸ்டோல் (குருமார் தோளில் போடும் நீண்ட பட்டை), பீடத்தின்மேல் சிலுவை, மெழுகுவர்த்தித் தண்டுகள் ஆகியவை காணப்படுவதற்கு வாய்ப்பு அதிகம். எந்த ஊர் என்றே தெரியாத படத்தில் பீடம் தெரிந்தால், இது ஒரு நல்ல துப்பு. ஆனால் துப்பு மட்டுமே. இரண்டு சங்கத்து ஊர்களும் 1896 முதல் ஒரே அத்தியட்சரின் (பிஷப்பின்) கீழ் இருந்ததால் வழக்கங்கள் ஒன்றோடொன்று கலந்தும் இருக்கின்றன.

படங்களைத் திரட்டுதல்

சேகரத்தின் சுவரில் தொங்குவதைவிடக் குடும்பங்களின் பெட்டியில் இருப்பவை அதிகம், பெரும்பாலும் சுவாரசியமானவையும் அவையே. ஓய்வுபெற்ற குருமார், உபதேசியார்கள், மிஷன் பள்ளித் தலைமையாசிரியர்கள் ஆகியோரின் வாரிசுகளை முதலில் அணுகுங்கள். ஞாயிறு ஆராதனையில் ஓர் அறிவிப்பு கொடுப்பதோடு நிறுத்தாமல் வீட்டுக்கே போவது நல்லது. அறிவிப்பைக் கேட்டுப் படத்தை எடுத்து வருபவர்கள் தங்கள் தாத்தாவின் தனிப்படத்தைத்தான் கொண்டுவருவார்கள். வீட்டுக்குப் போனால்தான், யாருக்கும் வேண்டாதது என்று அவர்கள் நினைத்த கன்வென்ஷன் படமும், பள்ளிக் குழுப்படமும், அசனப் பண்டிகைக்குச் (சபையார் கூடி உண்ணும் விருந்துத் திருவிழா) சோறு வடிக்கும் படமும் வெளியே வரும்.

படத்தை வாங்கிச் செல்வதானால் கையெழுத்திட்ட ரசீது கொடுங்கள்; அதில் படத்தின் விவரம், வாங்கிய நாள், திருப்பித் தரும் நாள் மூன்றும் இருக்கட்டும். கூடுமானவரை வீட்டிலேயே நகலெடுத்துவிட்டுப் படத்தை அங்கேயே விட்டுவிடுவது உத்தமம். பழைய படம் 'கோயிலுக்குக் கொடுத்தோம், காணோம்' என்ற வழக்கு ஏற்கெனவே எல்லா ஊரிலும் உண்டு. அதில் புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டாம்.

சட்டத்துக்குள் இருக்கும் படத்தைப் பிரித்தெடுக்க அவசரப்படாதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் படத்தின் மேற்பூச்சு கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். ஒட்டியிருப்பது தெரிந்தால் கண்ணாடியோடு சேர்த்தே நகலெடுத்து, அப்படியே விட்டுவிடுங்கள். ஒட்டாத படமானால், பின்பலகையைக் கழற்றி முதுகுப்புறத்தை மட்டுமாவது பாருங்கள். ஸ்டுடியோ முத்திரை, பென்சில் எழுத்து, தேதி எல்லாம் அங்கேதான் இருக்கும்.

காலத்தைக் கணித்தல்

காலம் தெரிந்தால்தான் பெயர் தேட முடியும். 1880ஆம் ஆண்டுப் படமா, 1910ஆம் ஆண்டுப் படமா என்று தெரியாமல் பதிவேட்டைப் புரட்டுவது வீண் உழைப்பு. தாள், உடை, கட்டடம் என்ற மூன்றையும் தனித்தனியே பார்த்து, மூன்றும் ஒத்துப்போகும் காலத்தை எடுத்துக்கொள்ள வேண்டும்.

தாளில் தொடங்குவோம். 1890கள் வரையிலான படங்கள் பெரும்பாலும் முட்டை வெண்கருப் பூச்சுள்ள ஆல்புமென் தாளில் அச்சிடப்பட்டவை. தாள் மிக மெல்லியதாக இருப்பதால் கெட்டி அட்டையில் ஒட்டப்பட்டிருக்கும். பழுப்போ ஊதாப் பழுப்போ கலந்த நிறமும், வெளிச்சப் பகுதிகளில் மஞ்சளும், உருப்பெருக்கியில் பார்த்தால் தாளின் நார்களும் நுண்ணிய வெடிப்புகளும் தெரியும். அதற்குப் பின் வந்த ஜெலட்டின் தாளில் கறுப்பு சுத்தமான கறுப்பாக இருக்கும், நார் தெரியாது, ஓரங்களின் இருண்ட பகுதிகளைச் சாய்த்துப் பார்த்தால் வெள்ளி பூத்ததுபோல் நீலப் பளபளப்பு காணும். அட்டையின் அளவும் பேசும். ஏறக்குறைய இரண்டரைக்கு நான்கு அங்குல அட்டை 1860களில் பரவிய விசிட்டிங் கார்டு வகை. நாலேகாலுக்கு ஆறரை அங்குல அட்டை 1866இல் அறிமுகமான கேபினெட் வகை. மெல்லிய, கூர்முனை அட்டை பொதுவாக முந்தியது. கெட்டியான, முனை மழுங்கிய, ஓரத்தில் பொன்பூச்சுள்ள அட்டை பிந்தியது. பின்புறம் நடுவே கோடு போட்டு ஒரு பக்கம் முகவரிக்கும் மறுபக்கம் செய்திக்கும் ஒதுக்கிய தபால் அட்டைப் படமானால் அது 20ஆம் நூற்றாண்டுடையது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. சுவரில் மாட்டியிருக்கும் பெரிய உருவப்படங்களில் பல, பழைய சிறு படத்தைப் பெரிதாக்கி, ஸ்டுடியோவில் தூரிகையால் தீட்டிச் சரிசெய்த மறுநகல்கள். தாள் 1950ஐச் சேர்ந்ததாக இருக்கும், முகம் 1880ஐச் சேர்ந்ததாக இருக்கும். மீசையின் ஓரமும் கண்ணிமையும் கோடு இழுத்ததுபோல் தெரிந்தால் இது மறுநகல் என்று குறித்துக்கொண்டு, தாளை வைத்துக் காலம் கணிப்பதை விட்டுவிடுங்கள்.

உடையில் கவனிக்க வேண்டியவை நிறைய. மிகவும் பயனுள்ளது ஸ்டோல் போட்டிருக்கும் விதம். முழுக் குருப்பட்டம் பெற்றவர் அதைக் கழுத்தின் இருபுறமும் நேராகத் தொங்கவிடுவார். உதவிகுருப்பட்டம் மட்டும் பெற்றவர் இடத்தோளின்மேல் போட்டு, வலது இடுப்பருகே இரு முனைகளையும் சேர்ப்பார். ஆகையால், ஒருவர் குறுக்காக ஸ்டோல் அணிந்து நின்றால், அந்தப் படம் அவர் உதவிகுருவாக இருந்த காலத்தைச் சேர்ந்தது. அவருடைய இரு பட்டங்களின் தேதிகளும் தெரிந்துவிட்டால் படத்தின் காலம் சில மாதங்களுக்குள்ளோ ஓரிரு வருடங்களுக்குள்ளோ அடங்கிவிடும். இவ்வளவு துல்லியமான கணக்கை வேறெந்தத் துப்பும் தருவதில்லை. கறுப்புப் பட்டை அணிந்த சி.எம்.எஸ். குருமாருக்கு இந்தச் சோதனை பொருந்தாது, அதை எல்லாரும் ஒரேபோல் அணிந்தார்கள்.

அத்தியட்சரைக் கண்டுகொள்வது எளிது. ஆராதனை உடையில், மணிக்கட்டில் சுருக்கிய பெரிய வெள்ளைக் கைகள் புடைத்து நிற்க, அதன்மேல் கையில்லாத கறுப்பு அல்லது சிவப்பு மேலங்கி இருக்கும். சாதாரண உடையில், முழங்காலளவு கறுப்பு அங்கியும் காலில் பொத்தான் வைத்த கறுப்பு உறையும் காணலாம். யார் அவர் என்பதற்கு ஆண்டுகள் உதவும். 1877 மார்ச் 11 அன்று கல்கத்தாவில் ராபர்ட் கால்டுவெல்லும் எட்வர்ட் சார்ஜென்டும் சென்னை அத்தியட்சருக்கு உதவி அத்தியட்சர்களாகப் பட்டம் பெற்றார்கள், முன்னவர் எஸ்.பி.ஜி. சபைகளுக்கும் பின்னவர் சி.எம்.எஸ். சபைகளுக்கும் பொறுப்பானார்கள். சார்ஜென்ட் 1889இலும் கால்டுவெல் 1891இலும் காலமானார்கள். திருநெல்வேலி தனித் திருமண்டலம், அதாவது ஓர் அத்தியட்சரின் தனி ஆளுகைப் பகுதி, ஆனது 1896இல். முதல் அத்தியட்சர் சாமுவேல் மோர்லி. அவருக்குப் பின் 1905 முதல் வில்லியம்ஸ், 1915 முதல் வாலர், 1923 முதல் டப்ஸ், 1929 முதல் வெஸ்டர்ன், 1939 முதல் ஸ்டீபன் நீல், 1945 முதல் செல்வின் என்று வருகிறார்கள். இவர்கள் ஒவ்வொருவரின் தெளிவான படம் ஒன்றை ஒரே தாளில் அச்சிட்டுக் கையில் வைத்துக்கொண்டால், திடப்படுத்தல் ஆராதனைப் படங்களும் (ஞானஸ்நானம் பெற்றவர்களை அத்தியட்சர் சபையில் உறுதிப்படுத்தும் சடங்கு) கோயில் பிரதிஷ்டைப் படங்களும் வேகமாகக் காலவரிசையில் அமர்ந்துவிடும்.

அத்தியட்சர் உடையில் இருப்பவர் இந்தியராக இருந்தால் இன்னும் எளிது. வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் பட்டம் பெற்று, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சரானார். அந்த நாளுக்கு முன் அப்படியொரு படம் இருக்க வழியில்லை. அவருடைய பணிக்களம் தெலுங்கு நாட்டிலிருந்த தோர்னக்கல் என்பதால், திருநெல்வேலியில் எடுத்த படமானால் அவர் விருந்தினராக வந்தபோது எடுத்ததாகவே இருக்கும். வந்த நிகழ்ச்சியைத் தேடினால் தேதியும் கிடைக்கும்.

பெண்களின் காதையும் பாருங்கள். பழைய சபைப் படங்களில் மூத்த பெண்கள் தோள்வரை தொங்கும் காதில் பாம்படம் என்ற கனத்த காதணியை அணிந்திருப்பார்கள். காது வளர்ப்பதை மிஷன் பள்ளிகள் ஊக்குவிக்கவில்லை, எனவே அங்கே படித்து வளர்ந்த மகள்களும் பேத்திகளும் சாதாரணமாகக் குத்திய காதோடு நிற்பார்கள். ஒரே படத்தில் மூன்று தலைமுறைக் காதுகளும் கிடைப்பதுண்டு. இதை வைத்து ஆண்டைச் சொல்ல முடியாது, ஆனால் வரிசையில் யார் தாய், யார் மகள், யார் போர்டிங்கில் படித்தவள் என்பதை ஊகிக்க முடியும்.

கட்டடத்தைப் பொறுத்தவரை நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கோயிலின் அடிக்கல், பிரதிஷ்டை, கோபுரம், முன்மண்டபம், மணி ஆகியவற்றின் ஆண்டுகளை ஒரு தாளில் எழுதிவைத்து, படத்தில் எது இருக்கிறது, எது இல்லை என்று ஒப்பிடுங்கள். இடையன்குடிக் கோயில் 1880இல்தான் பிரதிஷ்டை ஆயிற்று. முழுமையாகக் கட்டி முடித்த அந்தக் கோயிலின் முன் நிற்கும் கூட்டத்துக்கு 1870 என்று தேதியிட்டிருந்தால் தேதி தவறு. அரை நூற்றாண்டு கழித்து நினைவிலிருந்து எழுதிய தேதிகள் இப்படித்தான் பிசகும்.

முகத்திலிருந்து பெயருக்கு

குழுப்படத்தை ஏ3 அளவில் அச்சிடுங்கள். அதன்மேல் டிரேசிங் தாளை வைத்து ஒவ்வொரு தலையின் வெளிக்கோட்டையும் வரைந்து, பின்வரிசை இடது கோடியில் தொடங்கி எண் கொடுங்கள். ஒரு முகம் பாதி மறைந்திருந்தாலும் அதற்கும் எண் உண்டு. இனிமேல் எல்லாக் குறிப்பும் இந்த எண்ணைக் கொண்டே எழுதப்பட வேண்டும். 'இடமிருந்து மூன்றாவது' என்று எழுதுவது, சிலர் குனிந்தும் சிலர் எட்டிப்பார்த்தும் நிற்கும் படத்தில் குழப்பத்தையே தரும்.

மூத்தவர்களிடம் கேட்கும் முறையில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். 'ஆச்சி, இது தேவசகாயம் உபதேசியார்தானே?' என்று கேட்டால், மரியாதைக்காகவே 'ஆமா, அப்படித்தான் இருக்கு' என்ற பதில் வரும். பெயரை நாம் சொல்லக்கூடாது. 'இந்த வரிசையில உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா ஆச்சி?' என்று கேட்டுவிட்டு, பேசாமல் இருக்க வேண்டும். அவர் முதலில் ஒரு முகத்தைச் சொல்ல மாட்டார். 'இந்த நாற்காலி பங்களாவில கிடந்தது' என்பார், அல்லது 'இந்த மரம் புயல்ல விழுந்திச்சு' என்பார். குறுக்கிடாமல் அதையும் பதிவு செய்யுங்கள். நாற்காலியிலிருந்து பங்களாவுக்கும், பங்களாவிலிருந்து அங்கே சமையல் செய்தவருக்கும், அவரிடமிருந்து மூன்றாம் வரிசையில் ஓரமாக நிற்கும் அவர் மகனுக்கும் பேச்சு தானாகப் போகும். கைப்பேசியில் ஒலிப்பதிவு ஓடட்டும், அனுமதி கேட்டபின். ஒருவர் சொன்ன பெயரை அடுத்தவரிடம் காட்டாமல், அவரிடமும் வெற்றுப் படத்தையே காட்டி, இருவரும் தனித்தனியே ஒரே பெயரைச் சொன்னால் அதை 'உறுதி' என்று குறிக்கலாம். ஒருவர் மட்டும் சொன்னால் 'பெரும்பாலும்'. சாயலை வைத்து ஊகித்ததாக இருந்தால் கேள்விக்குறி. இந்தக் குறியீடு இல்லாத பெயர்ப்பட்டியல் பத்து வருடத்தில் எல்லாமே உறுதியான தகவலாக மாறிவிடும், பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

நினைவு எட்டாத காலத்துக்குப் பதிவேடுகள் இருக்கின்றன. ஞானஸ்நானப் பதிவேட்டைப் பெயருக்காக மட்டும் பார்ப்பவர்கள், அதில் தந்தையின் தொழிலுக்கும் ஞானஸ்நானம் கொடுத்தவரின் கையெழுத்துக்கும் தனித்தனிக் கட்டங்கள் இருப்பதைக் கவனிப்பதில்லை. தொழில் கட்டத்தில் 'உபதேசியார்', 'ஆசிரியர்' என்று வரும் பதிவுகளை மட்டும் ஆண்டுவாரியாக எழுதி எடுத்தால், எந்த ஊரில் எந்த வருடம் யார் உபதேசியாராக இருந்தார் என்ற பட்டியல் தானே உருவாகிவிடும். கையெழுத்துக் கட்டம் குருமாரின் வருகைக் காலத்தையும் மாற்றலையும் காட்டும். படத்தின் காலத்தை முன்னரே கணித்திருந்தால், அந்த இரண்டு மூன்று வருடங்களில் சேகரத்தில் ஊழியம் செய்தவர்கள் இன்னார் என்ற குறுகிய பட்டியல் கையில் இருக்கும். பின்வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் அந்தப் பட்டியலுக்குள் இருப்பார்கள். ஐயரம்மா (குருவானவரின் மனைவி) என்றும், இன்னாருடைய மனைவி என்றும் மட்டுமே குறிக்கப்பட்ட பெண்களின் சொந்தப் பெயரும் பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவில் தாயின் பெயராகக் கிடைக்கும். திருமணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு, கல்லறைத் தோட்டத்துக் கற்கள் ஆகியவை இதை உறுதிசெய்ய உதவும்.

பெயர் கிடைத்தபின்னும் ஒரு சிக்கல் மிச்சமிருக்கும். ஞானமுத்து, வேதமாணிக்கம், மாசிலாமணி, சாமுவேல் என்ற பெயர்கள் இந்தப் பகுதியில் தலைமுறைதோறும் திரும்பி வருபவை. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு இடுவதால், ஐம்பது வருட இடைவெளியில் ஒரே சேகரத்தில் ஒரே பெயரில் இரு குருமார் இருந்திருக்கலாம். தந்தையின் பெயர் முன்னே வரும் வழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அசரியாவின் தந்தை தாமஸ் வேதநாயகம் வெள்ளாளன்விளையில் குருவாக இருந்தவர். மகனின் பெயர் வேதநாயகத்தில் தொடங்குகிறது. எனவே தலைப்பெழுத்து, சொந்த ஊர், பட்டம் பெற்ற ஆண்டு மூன்றையும் சேர்த்தே ஒவ்வொரு குருவானவரின் பெயரையும் எழுத வேண்டும். 1830இல் உதவிகுருப்பட்டம் பெற்ற ஜான் தேவசகாயம் போன்ற தொடக்ககாலக் குருமாரைப் பற்றி அச்சில் செய்திகள் உண்டு; பிற்காலத்தவருக்குத் திருமண்டலத்தின் பட்டப் பதிவும் திருமண்டல மாத இதழின் பழைய தொகுப்புகளும்தான் துணை. தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலம் 2003இல் தனியே பிரிந்ததால், உங்கள் சேகரம் இப்போது எங்கே இருக்கிறதோ அங்கும், திருநெல்வேலித் திருமண்டல அலுவலகம் உள்ள பாளையங்கோட்டையிலும், இரண்டு இடத்திலும் கேட்க வேண்டியிருக்கும்.

தலைப்பு எழுதுதல்

படத்தில் ஏற்கெனவே எழுதியிருப்பதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல், பிழையோடும் பழைய எழுத்தோடும் அப்படியே ஒரு கட்டத்தில் பதியுங்கள். உங்கள் விளக்கம் அதன் கீழே தனியாக வரட்டும். மிஷனரிகள் எடுத்த படங்களில் பல, பிரிட்டனிலுள்ள ஆதரவாளர்களிடம் நிதி திரட்டுவதற்காகவே எடுக்கப்பட்டவை. விடுமுறையில் ஊருக்குத் திரும்பியவர்கள் அவற்றைக் கண்ணாடித் தகட்டுப் படங்களாக்கி, விளக்கொளியால் திரையில் காட்டும் மாஜிக் லாந்தரில் காட்டினார்கள். அங்கே கூடியிருந்தவர்களின் மனத்தைத் தொடுவதற்காக எழுதிய தலைப்பில், சாதிப்பெயரும் இரக்கச் சொல்லும் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. அந்தத் தலைப்பு ஓர் ஆவணம் என்பதால் அதை அழிக்கக்கூடாது. ஆனால் கண்காட்சியில் அதையே பெரிய எழுத்தில் போடுவதற்கும் அவசியமில்லை. அனாதை விடுதிப் பிள்ளைகளின் படங்களில் குடும்பப் பின்னணி எழுதியிருந்தால், வாரிசுகளைக் கேட்காமல் வெளியிடாதீர்கள்.

நகலெடுத்தல்

தட்டை ஸ்கேனர் போதும். அஞ்சலட்டை அளவுக்கு மேற்பட்ட படத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற அளவு), விசிட்டிங் கார்டு அளவுக்கு 1200 டிபிஐ. கறுப்புவெள்ளைப் படமானாலும் வண்ணத்திலேயே எடுங்கள், தாளின் பழுப்பும் பென்சில் குறிப்பும் அதில்தான் பிரிந்து தெரியும். அட்டையின் ஓரத்தை வெட்டாமல் முழுவதையும் எடுத்து, பின்புறத்தையும் தனியே எடுக்க வேண்டும். மூலக்கோப்பை டிஃப் வடிவில் சேமியுங்கள். நான்குக்கு ஆறு அங்குலப் படம் 600 டிபிஐயில் ஏறக்குறைய 26 எம்பி வரும். பகிர்வதற்கு ஜேபெக் நகல் தனியே இருக்கட்டும். கோப்புக்குப் படத்திலுள்ளவரின் பெயரை வைக்காமல், ஊர், பெட்டி, படம் என்ற வரிசையில் 'நாச-03-017' போன்ற எண்ணை வையுங்கள், பெயர் நாளை மாறலாம்.

ஸ்கேனர் இல்லாத வீட்டில், வெயில் நேராக விழாத வராந்தாவில் படத்தைத் தட்டையாக வைத்து, பிளாஷ் இல்லாமல், கைப்பேசியைப் படத்துக்கு இணையாகப் பிடித்து எடுக்கலாம். கண்ணாடிக்குள் இருக்கும் படமானால், எடுப்பவருக்குப் பின்னால் இருவர் கறுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டால் பிரதிபலிப்பு வராது.

இப்போது எல்லாருடைய கைப்பேசியிலும் இருக்கும் 'மங்கிய முகத்தைத் தெளிவாக்கும்' செயலிகளை இந்த வேலையில் அறவே தவிர்க்க வேண்டும் என்பது என் கருத்து. அவை மங்கிய முகத்தைத் தெளிவாக்குவதில்லை. எங்கோ கற்ற வேறு முகங்களிலிருந்து கண்ணையும் மூக்கையும் செய்து ஒட்டுகின்றன. சாயலை வைத்தே அடையாளம் காண வேண்டிய வேலையில், இல்லாத சாயலைச் சேர்ப்பதைவிடப் பெரிய கேடு இல்லை. குடும்பத்தார் சுவரில் மாட்ட விரும்பிச் செய்தால் செய்துகொள்ளட்டும், அந்த நகல் சேகரத்தின் தொகுப்புக்குள் வரக்கூடாது.

பாதுகாத்தல்

மூலப்படங்களுக்குக் கரையான், ஈரம், பசை நாடா என மூன்று எதிரிகள். கிழிந்த படத்தைச் செல்லோடேப் கொண்டு ஒட்டாதீர்கள், லாமினேட் செய்யாதீர்கள், பசைப்பக்க ஆல்பத்தில் வைக்காதீர்கள். அமிலமில்லாத தாள் உறையிலோ, பாலியெஸ்டர் அல்லது பாலிபுரோப்பிலின் உறையிலோ ஒவ்வொன்றாகப் போட்டு, அட்டைப் பெட்டியில் தட்டையாக அடுக்கி, பீரோவின் கீழ்த்தட்டைத் தவிர்த்து வேறு தட்டில் வையுங்கள். பீரோ வெளிச்சுவரை ஒட்டி இருக்கவேண்டாம். பாச்சை உருண்டையை இந்தப் பெட்டிக்குள் போடுவது நல்லதல்ல. சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு, மழைக்காலம் முடிந்ததும் மாற்றுங்கள். பின்புறம் எழுதுவதானால் மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுத வேண்டும். 1970களுக்குப் பிந்தைய பிளாஸ்டிக் பூச்சுத் தாளில் பென்சில் பிடிக்காது. அதற்கு உறையின்மேல் எழுதிக்கொள்ளலாம்.

கண்ணாடி நெகட்டிவ்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைக்காமல் நீளப்பக்கம் கீழே இருக்க நிறுத்தி வைக்க வேண்டும். பிலிம் நெகட்டிவ்களில் வினிகர் வாடை வந்தால் அவற்றை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்துவிடுங்கள், அந்தச் சிதைவு பரவும். ஓரத்தில் நைட்ரேட் என்று அச்சிட்டிருக்கும் பழைய பிலிம் எளிதில் தீப்பிடிக்கக்கூடியது. அதைக் கோயில் கட்டடத்துக்குள் வைக்காமல், அனுபவமுள்ள ஆவணக்காப்பகம் ஒன்றைக் கேட்டு முடிவெடுங்கள்.

பிரிட்டனில் இருப்பதைக் கேட்டுப் பெறுதல்

உள்ளூர்த் தொகுப்பு ஓரளவு ஒழுங்கான பிறகே வெளிநாட்டுக் காப்பகங்களுக்கு எழுதுங்கள். 'எங்கள் ஊர்ப் படங்கள் எல்லாம் வேண்டும்' என்ற கடிதத்துக்குப் பதில் எழுதுவது யாருக்கும் கடினம். ஊரின் பெயரை இன்றைய எழுத்தில் மட்டுமின்றிப் பழைய ஆங்கில எழுத்துமுறைகளிலும் தந்து, மிஷனரியின் பெயரையும் பணியாற்றிய ஆண்டுகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும். நாசரேத்துக்கு 1876 முதல் 1908 வரை இருந்த ஆர்தர் மார்காசிஸ், மெஞ்ஞானபுரத்துக்கு 1837 முதல் 1870 வரை இருந்த ஜான் தாமஸ் என்பதுபோல. சி.எம்.எஸ். மிஷனரிகள் ஆண்டுதோறும் எழுதிய கடிதங்களும், எஸ்.பி.ஜி. மிஷனரிகள் தவணைதோறும் அனுப்பிய அறிக்கைகளும் அங்கே இருக்கின்றன. படம் கிடைக்காவிட்டாலும், உங்களிடமுள்ள படத்தில் நிற்கும் உபதேசியாரைப் பற்றி ஒரு பத்தி அவற்றில் கிடைக்கக்கூடும். நகலைப் படிப்பதற்குப் பெறும் அனுமதி வேறு, நூற்றாண்டு மலரில் அச்சிடப் பெறும் அனுமதி வேறு; இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள்.

அசனப் பண்டிகை நாளில் வெளியூரிலிருந்து சபைமக்கள் எல்லாரும் ஊருக்கு வருவார்கள். பெயர் தெரியாத படங்களை மட்டும் எண்ணிட்ட டிரேசிங் தாளோடு கோயில் வராந்தாவில் வைத்து, பக்கத்தில் ஒரு நோட்டும் பென்சிலும் வைத்து, எழுதுபவர் தம் பெயரையும் கைப்பேசி எண்ணையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். சொன்னவர் யார் என்று தெரியாத பெயரால் பயனில்லை. வந்த பெயர்களைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பட்டியலில் ஏற்றியபின், பட்டியலின் அச்சுப்பிரதியை ஞானஸ்நானப் பதிவேடுகள் இருக்கும் அதே பீரோவில் வைத்து, கோப்புகளின் ஒரு நகலைச் சேகர அலுவலகத்திலும், ஒன்றைத் திருமண்டல அலுவலகத்திலும், ஒன்றை வேறு ஊரிலுள்ள நம்பிக்கையான குடும்பத்திலும் கொடுத்துவையுங்கள். சேகரகுரு மாற்றலாகும்போது பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் 'புகைப்படத் தொகுப்பு, பெட்டி இத்தனை, படம் இத்தனை' என்று ஒரு வரி இடம்பெற வேண்டும். சேகரக் கமிட்டியில் தீர்மானமாகவே அதை எழுதி வைத்துவிட்டால், அடுத்து வருபவர் கேட்டு வாங்குவார்.